தூதரகத்து அம்மாவும் ஆடிட் பெல்லும்

எங்கள் பனியன் கம்பெனியில் பெல் நீளமாக ஒரு தடவை அடித்தால் டீ. விட்டு விட்டு இரண்டு தடவை அடித்தால் ஆடிட், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியில் இருந்து சோதிக்க ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆடிட் பெல் கேட்டுவிட்டால் யாரும் யாரையும் ஏவ வேண்டியதில்லை. கழுத்தில் கிடக்கும் மாஸ்க் மூக்குக்கு ஏறும். நடைபாதையில் கிடக்கும் பண்டல்கள் ஓரத்துக்குப் போகும். கான்ட்ராக்டில் வந்தவர்கள், அதாவது கம்பெனிக் கணக்கில் பேர் இல்லாதவர்கள், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வேஸ்ட் கோடவுனுக்குப் போய்விடுவார்கள். வெட்டுத் துணி மூட்டைகளுக்கு நடுவில் அவர்களை உட்கார வைத்து வெளியே பூட்டுவது சூப்பர்வைசர் கோமளாவின் பொறுப்பு. வந்தவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுக் கார் ஏறியதும் திறந்துவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெல் அடித்தபோது நான் செக்கிங் டேபிளில் நின்றேன். பக்கத்தில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த மாயா கத்திரியை வைத்துவிட்டு மற்றவர்களோடு ஓடினாள்.

"ராக்கம்மாக்கா, சாயங்காலம் நேரத்துல உடுவாங்கல்லங்க?" என்று ஓடுகிற ஓட்டத்தில் கேட்டாள்.

"விடுவாக. போடி மொத."

மாயா நேபாளத்துக்காரி. முழுப்பேர் பிஷ்ணு மாயா தாபா. வந்து பல வருஷம் ஆனதால் என்னைவிடத் திருப்பூர்ப் பேச்சு அவளுக்கு நன்றாக வரும். நான் மதுரைப் பக்கம், எனக்கு இன்னும் அந்த 'ங்க' ஒட்டவில்லை. ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்துக் குடியிருக்கிறோம். அவள் புருஷன் கர்ண பகதூர் ஒரு சாயப்பட்டறையில் வாட்ச்மேனாக இருந்தான். பொங்கல் முடிந்து அவனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இவள் வேலைக்குப் போனால் அவனைப் பார்க்க ஆளில்லை. அவனைப் பார்த்தால் சோற்றுக்கு வழியில்லை. ஊரில் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள், கொண்டுவந்து சேர்த்துவிடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ரயிலில் மூன்று நாள், பிறகு மலைப் பாதையில் பஸ். அந்தப் பயணத்தை அவன் தாங்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விமானத்தில் போகலாம் என்றால் அடையாள அட்டை கேட்டார்கள். இரண்டு பேர் அட்டையும் ஒரே பையில் இருந்து, போன தீபாவளிக்கு ரயிலில் அந்தப் பையே களவு போயிருந்தது.

அப்புறம் ஒரே வழி, டெல்லியில் இருக்கும் அவர்கள் நாட்டுத் தூதரகம். இவர்கள் எங்கள் ஆட்கள்தான் என்று அவர்கள் ஒரு கடிதம் கொடுத்தால் விமானத்தில் ஏற்றுவார்கள். ஆனால் ஆளை நேரில் பார்க்காமல் கொடுக்க மாட்டார்கள். புருஷனை விட்டுவிட்டு இவள் எப்படி டெல்லி போவாள்? போன் போட்டுப் போட்டுக் கடைசியில் ஒரு பதில் வந்தது. ஓர் அதிகாரி கோயம்புத்தூருக்கு வருகிறார், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று. அதைத் தவறவிட்டால் மறுபடி எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. லீவு போட்டால் கான்ட்ராக்டர் ஆளை மாற்றிவிடுவான் என்பதால், நாலு மணிக்கு விடச் சொல்லிக் கேட்டுவிட்டு அன்றைக்கும் வேலைக்கு வந்திருந்தாள்.

பெல் அடித்துக் கொஞ்ச நேரத்தில் எச்.ஆர். மகுடேஸ்வரன் ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு தையல் லைனுக்குள் வந்தார். குட்டையான அம்மா. சுடிதார், மேலே நீலக் கோட்டு, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ, கழுத்தில் அட்டை, தோளில் கனமான பை. இவர் தீயணைக்கும் சிலிண்டரைக் காட்டினார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து காட்டினார். அந்த அம்மா இங்கிலீஷில் ஏதோ கேட்டதற்கு "நோ மேடம், நோ மேடம், ஆல் லோக்கல்" என்று தலையை ஆட்டினார்.

ஆடிட்டுக்கு வருகிறவர்கள் மேலே பார்ப்பார்கள், ஒயரைப் பார்ப்பார்கள், வாசல் எத்தனை என்று எண்ணுவார்கள். இந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தது எனக்கு வித்தியாசமாகப் பட்டது.

லைன் நடுவில் நின்று சத்தமாக ஹிந்தியில் கேட்டார்: "பிஷ்ணு மாயா தாபாவை யாருக்காவது தெரியுமா?"

ஓவர்லாக் மெஷினில் இருந்த பீகார்ப் பையன் எழுந்து நின்று, "எட்டு மணி நேரம் வேலை மேடம், ஞாயிற்றுக்கிழமை லீவு" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கோட்டுப் போட்டவர்கள் எதைக் கேட்டாலும் அதைச் சொல்லத்தான் பழக்கியிருந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் வர வேண்டியவர் முன்னாடியே வந்துவிட்டார். மாயாவின் போன் கேட் பெட்டியில் கிடக்கிறது, எல்லார் போனும் அங்கேதான். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தூதரகத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இருந்த கம்பெனி விலாசத்துக்கு வந்திருக்கிறார். யாரைத் தேடி வந்தாரோ அவளை இவருக்குப் பயந்தே பூட்டி வைத்திருக்கிறோம்.

பையன்களோடு வேலை பார்த்துப் பார்த்து வந்த ஹிந்தி என்னுடையது. "எனக்குத் தெரியும்" என்றேன்.

மகுடேஸ்வரன் திரும்பினார். "ஏனம்மிணி, உன்னைய யாராச்சும் கேட்டாங்களா?"

"கேட்டாகளே சார். பொதுவாத்தான கேட்டாக."

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

"இவுக ஆடிட் இல்ல சார். நேபாளத்து எம்பசி. மாயாவைப் பாக்க வந்திருக்காக."

அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன். இன்னும் கறுத்தது. என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எம்பசின்னா கவர்மென்டு. ஆடிட்ட விட மோசம். அந்தக் கோடவுனத் தொறந்தா நாளைக்குக் கம்பெனியவே பூட்டோணும், தெரியுதா? சாயங்காலம் ஊட்டுல போய்ப் பாத்துக்கட்டும். சொல்லீரு."

சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். "முடியாது. ஈரோட்டில் எங்கள் நாட்டுப் பையன் ஒருவன் கட்டட வேலையில் விழுந்து இறந்துவிட்டான். காலையில்தான் தகவல் வந்தது. அங்கே போய்விட்டு ராத்திரியே டெல்லி திரும்ப வேண்டும். இருக்கிற நேரம் இப்போதுதான்."

அதை மகுடேஸ்வரனிடம் சொன்னேன்.

"தொறக்காட்டி மாயா புருஷன் இங்கனயே கெடந்து செத்துப்போவாரு சார்."

"நீ பின்னால போனீன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

இந்தக் கம்பெனியில் கணக்கில் பேர் ஏற எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கும் தெரியும். நின்று நின்று காலில் நரம்பு சுருண்டிருக்கிறது. இன்னொரு கம்பெனியில் போய் முதலில் இருந்து நிற்க முடியாது. எல்லாம் ஒரு நிமிஷத்தில் நினைத்தேன். கையில் இருந்த பனியனை மடித்து வைத்துவிட்டுப் பின்வாசலுக்கு நடந்தேன். அந்த அம்மா யாரிடமும் கேட்காமல் என் பின்னால் வந்தார்.

கோடவுன் முன்னால் கோமளா நின்றாள். "அக்கா, எங்கிட்டக் கேக்காதீங்க. சாவி என்னுது இல்லீங்க."

"ஒன்னுது இல்லாமயா இடுப்புல சொருகியிருக்க?"

"சார் சொல்லாமத் தொறக்க மாட்டனுங்கக்கா."

மகுடேஸ்வரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். அந்த அம்மா அவரிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினார். கோபம் இல்லை, விலை விசாரிக்கிற மாதிரி பேசினார். மகுடேஸ்வரன் கோமளா பக்கம் திரும்பி, "தொறந்து உடு" என்றார்.

கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. பஞ்சுத் தூசி மிதந்தது. மூட்டைகளுக்கு நடுவே முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பிஷ்ணு மாயா?"

மாயா எழுந்தாள். கோட்டைப் பார்த்தாள், கழுத்து அட்டையைப் பார்த்தாள், மகுடேஸ்வரனைப் பார்த்தாள். "நான் இங்கே வேலை செய்யவில்லை மேடம். இன்றைக்குத்தான் வேலை கேட்டு வந்தேன்" என்று ஹிந்தியில் ஒப்பித்தாள்.

அந்த அம்மா அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். அப்போதும் மாயாவின் கண் மகுடேஸ்வரனை விட்டு வரவில்லை. அதே பதில்தான்.

"ஏ மாயா, இவுகதான்டி..." என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"நீங்கள் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அவளாகச் சொன்னால்தான் நான் எழுத முடியும்."

பிறகு மகுடேஸ்வரனிடம் திரும்பி, குடிக்க ஒரு டீ கிடைக்குமா, சர்க்கரை இல்லாமல், என்று கேட்டார். வந்தவர்கள் வாய்விட்டு டீ கேட்ட பிறகு இல்லையென்று சொல்ல மகுடேஸ்வரனுக்கு வராது. ஆளை அனுப்பவும் மனசு கேட்காது. "இதா வர்றனுங்க" என்று அவரே போனார்.

அவர் முதுகு மறைந்ததும் அந்த அம்மா கோட்டைக் கழற்றினார். கழுத்து அட்டையையும் கழற்றிப் பைக்குள் போட்டார். ஒரு வேஸ்ட் மூட்டை மேல் மாயாவுக்கு எதிரே உட்கார்ந்து மறுபடி கேட்டார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. முதலில் மாயா ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு இரண்டு. பிறகு நிறுத்தாமல் பேசினாள். கையை நீட்டி ஊரில் மலை எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம் என்று காட்டினாள். அந்த அம்மா ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, ஆமாம் என்றும் தலையாட்டவில்லை. கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார். அதைப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

டீ வந்தது. நின்றபடியே குடித்து முடித்தார். "இனி புருஷனைப் பார்க்க வேண்டும்" என்றார்.

வாடகைக் காரில் மாயா முன்னால் உட்கார்ந்து வழி சொன்னாள். நானும் அந்த அம்மாவும் பின்னால். பையில் இருந்து பிஸ்கட் எடுத்து எனக்குப் பாதி கொடுத்தார். அதுதான் அவருக்குக் காலைச் சாப்பாடு. ஷூவைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டார். போன் வந்தது. ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார், பேசியது கொஞ்சம்தான். இறந்துபோன பையனின் அப்பாவாம்.

"தூதரகத்து ஆட்கள் கொடி வைத்த காரில் போவார்கள் என்றல்லவா சொல்வார்கள்?" என்று கேட்டேன்.

"என் மகனும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான். எப்போதாவது விருந்துக்குப் புடவை கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்பேன். மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரி, ஜெயில், போலீஸ் ஸ்டேஷன், பிண அறை."

"கோடவுன் முன்னால் எங்கள் எச்.ஆர். சாரிடம் என்ன சொன்னீர்கள்?"

"உங்கள் கம்பெனியைச் சோதிக்க எனக்கு அதிகாரம் இல்லை, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். என் நாட்டு ஆளைப் பார்க்க விடவில்லை என்று எழுத மட்டும் அதிகாரம் உண்டு. அதைச் சொன்னேன்."

"அப்படியானால் உள்ளே இருக்கிற மற்றவர்கள்?"

"எழுதினால் அடுத்த தடவை எந்த ஊரிலும் எனக்குக் கதவு திறக்காது."

எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லைன் வீட்டில் கர்ண பகதூர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா வாசலில் ஷூவை விட்டுவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். பேரைக் கேட்டார். கோணிய வாயில் இருந்து சத்தம் வந்தது, சொல் வரவில்லை. மாயா சொல்ல வாயெடுத்தாள். அவளையும் கையை உயர்த்தி நிறுத்தினார். பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஈரோட்டுக்காரர்களாகத்தான் இருக்கும். கர்ண பகதூர் எச்சிலை விழுங்கி விழுங்கித் தன் பேரைச் சொன்னான். அப்பா பேரைச் சொன்னான். ஊர்ப் பேர் மட்டும் வரவே இல்லை. வேர்த்து ஊற்றியது. அந்த அம்மா கண்ணை எடுக்காமல் காத்திருந்தார். கடைசியில் அவன் அதையும் இரண்டு துண்டாகச் சொல்லி முடித்தான்.

அப்புறம்தான் பையில் இருந்து மைப் பெட்டியும் முத்திரையும் வெளியே வந்தன. தகரப் பெட்டி மேல் காகிதத்தை விரித்து எழுதினார். அவனுடைய இடது கைப் பெருவிரலைத் தானே பிடித்து உருட்டினார். இரண்டு கடிதம். மாயா அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "கசக்காதே, விமான நிலையத்தில் கேட்பார்கள்" என்று அதட்டினார்.

கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்குமா?" என்று கேட்டார்.

"வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்."

காரில் ஏறுவதற்கு முன்னால் மகுடேஸ்வரனுக்குப் போன் போட்டார். டீக்கு நன்றி சொன்னார். இவர்கள் வெள்ளிக்கிழமை விமானம் ஏறியதும் எனக்குத் தெரிய வேண்டும், ராக்கம்மாளைத்தான் கேட்கப் போகிறேன், உங்கள் ஆபீசுக்கே போன் செய்கிறேன், அவரைக் கூப்பிட்டுக் கொடுங்கள் என்றார். வைத்த பிறகு என்ன பேசினார் என்று எனக்கு ஹிந்தியில் சொன்னார். கார் ஈரோட்டுப் பக்கம் போனது.

மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் ஆத்தப்பன் தலையைச் சொறிந்தார். "அக்கா, உங்கள உடக்கூடாதுன்னாருங்க. அப்பறம் உடலாம்னுஞ் சொன்னாருங்க. எதுங்க நெசம்?"

"பொறவு சொன்னதுதான்ணே நெசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போன் வந்தது. மகுடேஸ்வரனே என்னைக் கூப்பிட்டனுப்பி ரிசீவரைக் கொடுத்தார். காலையிலேயே மாயா போன் போட்டாள், ஏறிவிட்டார்கள், சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப் போனார்கள், மாயா ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கிக்கொண்டாளாம் என்று சொன்னேன். அந்த அம்மா நல்லது என்று மட்டும் சொன்னார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டார்.

நான் போகாமல் நின்றேன்.

"இன்னும் என்னம்மிணி?"

"அந்தக் கோடவுன இனிமே பூட்டாதீக சார். சூட்டுல யாராச்சும் மயங்கி விழுந்தா யார் பதில் சொல்லுறது?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

"அடுத்த ஆடிட்டுக்குப் பூட்டினா நானும் உள்ள போயி உக்காந்துக்கிருவேன்."

"நீ எதுக்கு உள்ள போற? உம்பேருதான் கணக்குல இருக்குதே."

"அதுக்குத்தான் சார். பேரு இருக்கு, ஆளு எங்கன்னு கேப்பாகல்ல. நீங்க பதில் சொல்லுங்க."

அவர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். நான் டேபிளுக்குத் திரும்பினேன். மாயா இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. பிசிரையும் நானே வெட்ட வேண்டியிருந்தது.