பழைய ஃபில்டரைக் கொடுத்துவிட்டு வருகிறேன்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மூக்கண்டப்பள்ளி டீக்கடையில் என் காதில் விழுந்தது. வண்டிக் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிற பிரிவில், அதாவது பெயிண்ட் ஷாப்பில், வேலை செய்கிற ஒருவர், உலகம் அழிந்த பிறகு நடக்கிற ஒரு துப்பாக்கி வீடியோ விளையாட்டைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். அதில் குண்டுக்கும் பஞ்சம், மூச்சுக்கும் பஞ்சமாம். "ஜாலியே இல்லப்பா. ஆனா எந்திரிக்க முடியல" என்றார். என் டீ ஆறிப்போனது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சாம்பல் பெய்துகொண்டிருந்த நகரத்தில் சிவராஜ் தன்னந்தனியாக—'

அடித்துவிட்டேன். எந்தச் சாம்பல்? சிவராஜ் இருந்தது ஓசூரில், ஒற்றை அறை வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லுங்கியோடு. தனியாகவும் இல்லை. பக்கத்தில் அவன் மனைவி சுப்ரியா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

2

(சுப்ரியாவை முதலில் சிடுசிடுக்கிறவளாக எழுதினேன். எனக்கே அலுத்துவிட்டது.)

சிவராஜுக்கும் பெயிண்ட் ஷாப்பில்தான் வேலை. இருவருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். அவன் வருவதற்குள் அவள் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். முகம் பார்த்துப் பேச ஞாயிறு ஒன்றுதான். இப்போது போச்சம்பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்க வேண்டும், சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவாள். அதைக் கெஞ்சி வாங்க மட்டும் அவளுக்கு மனசில்லை.

3

சிவராஜ் அதே விளையாட்டில் இருந்தான். திரையில் விஷக்காற்று. முகமூடியின் ஃபில்டர் தீரத் தீர மூச்சிரைப்புச் சத்தம் ஏறியது. சிவராஜின் தோளும் கூடவே ஏறி இறங்கியது.

"டூட்டிலயும் மாஸ்க்கு, லீவுலயும் மாஸ்க்கா? இதுல என்னா சந்தோசம்?" என்றாள் சுப்ரியா.

சந்தோஷத்துக்கு இல்லை, உள்ளேயே இருக்கிற மாதிரி இருக்கிறது, அதற்குத்தான் என்றான்.

[இங்கே மூழ்குவதற்கும் ரசிப்பதற்கும் உள்ள வித்தியாசம் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. சாரம் இதுதான்: முழுசாக மூழ்கினவனுக்கு ரசிக்க ஆள் மிச்சமில்லை.]

அதற்குள் அவன் திரையில் செத்தான். பையில் குண்டு வைக்க இடமில்லை. பை நிறையத் தீர்ந்துபோன ஃபில்டர்கள். ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்டாள். பழசை ஸ்டோரில் ஒப்படைத்தால்தானே புதுசு தருவார்கள் என்றான். அது பெயிண்ட் ஷாப் வழக்கம். அழிந்த உலகத்தில் ஏது ஸ்டோர்? சுப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த விளையாட்டை அந்த வீட்டில் யாராவது ரசித்தது அப்போதுதான்.

4

சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, போச்சம்பள்ளிக்கு நான் போகட்டுங்களா?"

அவன் அதற்குள் மறுபடி உள்ளே போயிருந்தான்.

"இரு, பழசக் குடுத்துட்டு வந்துர்றேன்."

யாரிடம் என்று அவள் கேட்கவில்லை.

முடிவு ஒன்று: சொன்னது அவனுக்கே உறைக்கிறது, திரும்பிப் பார்க்கிறான். (எனக்கும் ஆசைதான். எழுதி எழுதிப் பார்த்தேன், திரும்ப மாட்டேன் என்கிறான்.)

முடிவு இரண்டு: சுப்ரியா ஃபோனை எடுத்து, 'வர்றேங்க சார்' என்று—

இல்லை, என்னால் ஆகாது. செத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்கிற வசதி திரைக்குள்தான். இந்த வீட்டுக்கு நான் அதை எழுதவில்லை. நீங்களாவது அவன் தோளைத் தொட்டுப் பாருங்கள். சீக்கிரம். அவள் ஃபோனும் கையுமாக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள்.