இருட்டினால் தானே எரியும்

மெத்தைக் கடை திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்குக் கடையின் பெயர் மனப்பாடமாகிவிட்டது. அதற்குக் காரணம் மெத்தை இல்லை, விடிவிளக்கு. உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் நிலா. பிளக் பாயிண்டில் செருகிவிட்டால் போதும், சுவிட்சே தேவையில்லை. அறை இருட்டினால் தானே எரியும், வெளிச்சம் வந்தால் தானே அணையும். நிலாவின் வயிற்றில் கடையின் பெயரும் போன் நம்பரும். மெத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கடைக்குள் கால் வைத்தவர்களுக்கெல்லாம் ஒன்று இலவசம்.

கடை பெரியவளுடையது. யோசனை அவள் தம்பி சின்னவனுடையது. அவள் வேறொருவர் கடையில் பல வருஷம் நின்று மெத்தை விற்று, அந்தத் தைரியத்தில் தனியாகத் தொடங்கியவள். அவன் பார்த்த வேலைகளையெல்லாம் பாதியில் விட்டுவிட்டு அக்காவுக்குத் துணையாக வந்தவன். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் உடம்புக்கு வஞ்சனை இல்லாமல் ஓடியாடுவான்.

"பேனா குடுத்தா மூடி தொலைஞ்சதும் தூக்கிப் போட்டுருவாங்க. காலண்டர் குடுத்தா மாட்ட ஆணி இல்லன்னு சுருட்டி வச்சிருவாங்க. நம்ம பேரு ஜனங்க தலைமாட்டுல ராத்திரி பூரா எரியணும்க்கா. இதைவிட என்ன விளம்பரம் வேணும்?" என்றான். அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. அவனே போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தான்.

அன்று மதியம் கடையில் ஆள் இல்லை. பெரியவள் தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வாடை வந்தது. புது ரப்பர் மெத்தையின் வாடை என்று முதலில் நினைத்தாள். பிறகு தொண்டை கமறியது. எழுந்து மோப்பம் பிடித்துக்கொண்டே போனாள். சுவரோரம் மெத்தைகளை வரிசையாக நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பின்னால் சந்து போல ஒரு இடைவெளி. வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு விளக்கை அங்கேதான் செருகியிருந்தார்கள். வெளிச்சமே புகாத மூலை என்பதால் திறப்பு விழாவிலிருந்து அது இரவு பகல் பாராமல் எரிந்துகொண்டிருந்தது.

நிலா முகம் கோணிப்போய்ப் பழுப்பேறியிருந்தது. உருகிய பிளாஸ்டிக் சொட்டி, ஒரு மெத்தையின் ஓரத்தில் கருப்பாக ஒரு ஓட்டை விழுந்திருந்தது. அதன் விளிம்பு சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது.

அவள் ஓடிப்போய் மெயினை அணைத்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொட்டினாள். "டேய்!" என்று அவள் போட்ட சத்தத்தில் சின்னவன் வாசலில் இருந்து பாய்ந்து வந்தான்.

பார்த்தான். "ஒண்ணு ரெண்டு பீஸ் இப்படித்தான்க்கா இருக்கும்."

அவள் உருகிய விளக்கைப் பிடுங்கி எறிந்தாள். மெயினைத் திரும்பப் போட்டு, பெட்டியிலிருந்து இன்னொரு விளக்கை எடுத்து மேஜைப் பக்கம் செருகி, அட்டைப் பெட்டியால் மூடினாள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து விலை கேட்டார். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அட்டையைத் தூக்கினாள்.

"தொட்டுப் பாரு."

அவன் தொட்டான். கையை உதறினான்.

"எப்படிடா இதை வாங்கினே? பார்த்துத்தானே வாங்கினே?"

"எரியுதான்னு பார்த்தேன்க்கா. எரிஞ்சுது."

அவளுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. "யார் யாருக்குக் குடுத்தோம்?"

"வந்தவங்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுத்தோம். யாருக்குன்னு எப்படிச் சொல்றது?"

வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டுச் சுவரில் பாதிவரை நிழல் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீடாக இருட்டும். ஒவ்வொரு வீட்டிலும் அது தானே எரியும். யாரும் தொடக்கூட வேண்டியதில்லை.

"மைக்காரருக்குப் போன் போடு" என்றாள்.

கடைத் திறப்பை ஊரெல்லாம் அறிவித்தவர் அவர். மேலே குழாய் கட்டிய வண்டியில் தெருத் தெருவாகப் போய் அறிவிப்பதுதான் அவர் தொழில்.

சின்னவன் போனை எடுக்கவில்லை. "அக்கா, நிதானமா யோசி. வெளிய சொன்னா நாளைக்கே கடையை இழுத்து மூடணும். இத்தனை நாளா எரிஞ்சிருக்கு, எந்த வீட்டுலயாவது ஏதாவது ஆச்சா?"

"ஆனப்பறம் சொல்லலாங்கிறியா?"

"அதுல நம்ம பேரு இருக்குக்கா."

"அதனாலதான்டா சொல்றேன்."

அவனையே பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளே போனை எடுத்தாள்.

மைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இலவசம் இலவசம்னு கத்தியே எனக்குத் தொண்டை தேஞ்சு போச்சு. திருப்பிக் குடுங்கன்னு இன்னிக்குத்தான் முதல் தடவையா கத்தப் போறேன்" என்றார். ஆனாலும் உடனே வண்டியோடு வந்துவிட்டார். பெரியவள் முன்னால் ஏறிக்கொண்டாள். சின்னவன் ஒரு சாக்குப்பையோடு பின்னால் தொற்றிக்கொண்டான்.

"வாடிக்கையாளப் பெருமக்களின் அன்பான கவனத்திற்கு..." என்று ஆரம்பித்தார் மைக்காரர். தேன் தடவிய குரல். திறப்பு விழாவுக்கு ஜனங்களை அழைத்ததும் இதே குரல்தான். அது காதில் விழுந்ததுமே கதவுகள் திறந்தன. அவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். "இன்னிக்கு என்ன குடுக்கறீங்க?"

"எங்க வீட்டுக்கு வந்தது மஞ்சள். நீலம் இருக்கா?" என்றார் பனியனோடு வந்த ஒருவர்.

"போன தடவை எனக்குக் கிடைக்கல. இந்தத் தடவை ரெண்டா குடுங்க."

வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. எல்லாக் கைகளும் நீண்டிருந்தன. மைக்காரர் இரண்டாவது முறையாக "அன்பான கவனத்திற்கு" என்று தொடங்கியபோது பெரியவள் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் மெத்தைக் கடைக்காரி பேசுறேன். நாங்க குடுத்த நைட் லேம்ப் தீப்பிடிக்குது. கேக்குதா? தீப்பிடிக்குது. இப்பவே போய்க் கழட்டுங்க. அப்பறமா திட்டுங்க, முதல்ல கழட்டுங்க!"

குரல் பிசிறடித்தது. பனியன்காரர், "ஐயோ, பேத்தி தொட்டில்கிட்ட இருக்கு" என்று திரும்பி ஓடினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். ஜன்னல்களில் இருந்து வசவுகள் வந்தன. சாக்குப்பையில் நிலாக்கள் விழ ஆரம்பித்தன. ஒரு அம்மாள் எறிந்தது சின்னவனின் நெற்றியிலேயே பட்டது. அவன் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்த தெருவுக்குத் திரும்பினார்கள். பெரியவளின் குரல் இப்போது நிதானப்பட்டுவிட்டது. "இருட்டு ரூம்னா பகல்லயே எரியும். ஜன்னலை மூடி வச்சிருக்கறவங்க உடனே பாருங்க..." என்று சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள்.

முதல் நாள் வந்த நர்ஸ் நினைவுக்கு வந்தாள். ராத்திரி டியூட்டி. பகலில்தான் தூங்க வேண்டும், அதற்கு நல்ல மெத்தையாகக் கொடுங்கள் என்று கேட்டவள். ஜன்னல்களுக்கெல்லாம் கருப்புத் துணி அடித்திருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னவள்.

பெரியவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கும் அது எட்டியிருந்தது. மெத்தையைக் கொண்டுபோய் இறக்கியவன் அவன்தான்.

"எங்கடா மாட்டினாங்க?"

"கட்டிலுக்குப் பின்னாடி. சுவருக்கும் மெத்தைக்கும் நடுவுல. அவங்க மாட்டல... நான்தான்க்கா மாட்டினேன்."

நர்ஸின் நம்பருக்கு அடித்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"நீங்க நிறுத்தாம சொல்லிட்டே போங்க" என்று மைக்கை மைக்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். அவளுக்கு முன்னாலேயே சின்னவன் ஓடத் தொடங்கியிருந்தான். சந்துக்குள் புகுந்து, நிறுத்தியிருந்த சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு, ஒரு மாடி வீட்டுப் படிகளில் ஏறினான். பின்னால் மூச்சிரைக்க வந்த பெரியவளுக்குப் படியிலேயே அந்த வாடை தெரிந்துவிட்டது. மதியம் கடையில் வந்த அதே வாடை.

காலிங் பெல்லை அழுத்தினான். சத்தம் வரவில்லை. தூக்கம் கலையக் கூடாது என்று அதைக் கழற்றி வைத்திருந்தாள் போல. கதவை இரண்டு கையாலும் அறைந்தான். "சிஸ்டர்! சிஸ்டர்!"

"பகல்ல தூங்கற பொண்ணுப்பா அது. எதுக்கு இப்படி உடைக்கறே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

"கீழ மெயின் இருக்குக்கா, ஆஃப் பண்ணு!"

பெரியவள் வந்த வேகத்தில் கீழே இறங்கினாள். படிக்கட்டின் அடியில் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. எது யாருடையது என்று பார்க்க நேரமில்லை. எல்லாவற்றையும் இழுத்துவிட்டாள். கட்டிடம் முழுக்கக் கரண்ட் போய், நாலு பக்கமும் கூச்சல் எழுந்தது. அவள் மறுபடி மேலே ஏறியபோது சின்னவன் தோளால் கதவை மோதிக்கொண்டிருந்தான். அடுத்த மோதலுக்கு அவன் பின்வாங்கியபோது உள்ளே இருமல் கேட்டது.

தாழ்ப்பாள் தடவப்படும் சத்தம்.

நர்ஸ் வெளியே வந்தாள். தலைவிரி கோலம், வாயில் துப்பட்டா. கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. அவளுக்குப் பின்னால் புகை உத்தரத்தோடு ஒட்டி வந்தது. சின்னவன் அவளைத் தாண்டி உள்ளே பாய்ந்தான். வாளியைத் தேடித் தண்ணீரை ஊற்றும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மெத்தையின் தலைப்பக்கம் ஒரு முழம் கருகியிருந்தது. அங்கே தலையணை போட்டிருந்தாள்.

நர்ஸ் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பெரியவள் அவள் முதுகைத் தடவியபோது தடுக்கவில்லை.

"வார்டுல யாரோ எதையோ கருக்கிட்டாங்கன்னு கனவு. கனவுல எல்லாரையும் திட்டிட்டு இருந்தேன். கதவு இடிக்கற சத்தம் கேட்கலன்னா இன்னும் திட்டிட்டேதான் இருந்திருப்பேன்."

சின்னவன் வெளியே வந்து நின்றான். சட்டையெல்லாம் கரி, உள்ளங்கையில் கொப்புளம். நர்ஸ் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பழக்கதோஷம். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"ஆமா சிஸ்டர்."

"எனக்கு இருட்டுதான் வேணும்னு சொன்னேன். நீங்கதான், சும்மா கிடைக்குது, இருக்கட்டும்னு, நான் கட்டிலை நகர்த்தி எடுக்க முடியாத இடத்துல மாட்டிட்டுப் போனீங்க."



மெத்தைக்கு வாங்கிய தொகையைப் பெரியவள் அன்றே திருப்பிக் கொடுத்தாள். வேறு மெத்தை தருகிறேன் என்றதற்கு நர்ஸ் தலையசைத்து மறுத்துவிட்டாள். அதன் பிறகு அவள் அந்தக் கடைப் பக்கம் வரவில்லை.

வேறு எந்த வீட்டிலும் தீப்பிடிக்கவில்லை. அடுத்தடுத்த நாள்களில் விளக்குகள் வந்துகொண்டே இருந்தன. பெரியவள் கட்டிங் பிளேயரை வைத்து ஒவ்வொன்றின் கம்பியையும் நறுக்கிப் போட்டாள். சிலர் வாசலில் நின்றே வீசிவிட்டுப் போனார்கள். ஒருவர், "இதுக்குப் பதிலா வேற என்ன தருவீங்க?" என்று கேட்டார். மெத்தை வாங்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும், "மைக்ல கத்தின அம்மா நீங்கதானா?" என்று கேட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவளுக்குப் புரியவில்லை.

சின்னவன் கையில் கட்டோடு தினமும் தெருத் தெருவாகப் போனான். கதவைத் தட்டி, "எங்க கடை லேம்ப் இருக்கா? நான்தான் வாங்கிட்டு வந்தேன், தப்பான சரக்கு, குடுத்துடுங்க" என்று கேட்டான். இப்படிச் சொல்லிக் கேட்கும்படி அக்கா அவனிடம் சொல்லியிருக்கவில்லை. சிலர் திட்டினார்கள். சிலர், நன்றாகத்தான் எரிகிறது, தர முடியாது என்றார்கள். அந்த வீடுகளுக்கு மறுநாளும் போனான்.

ஒரு சாயங்காலம் வெறும் பையோடு வந்து உட்கார்ந்தான்.

"மில்லுக்குப் பின்னாடி மூணு வீடு பூட்டியே இருக்குக்கா. உள்ள லேம்ப் இருக்கா இல்லையான்னு தெரியல. இன்னொரு வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததுமே கதவைச் சாத்திட்டார்."

பெரியவள் ஷட்டரை இழுத்துவிட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எந்திரி. நானும் வர்றேன்."