வெள்ளவத்தையில் ஒரு எல்டர்ஃபோர்ட் நிபுணர்

1998ஆம் ஆண்டில், வெளிநாடு போவதற்காகக் கொழும்பு வெள்ளவத்தையில் காத்திருந்த தமிழருக்குள்ளே ஒரு படிவரிசை இருந்தது. இலண்டனுக்குக் காத்திருப்பவர் மேலே. அவருக்குக் கீழே டொரண்டோ. அதற்கும் கீழே சுவிஸ், பிரான்ஸ் என்று போகும். இந்த வரிசையில் போய் நிற்கத் திரு. சிவபாதசுந்தரம் சம்மதிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற உதவிக் கல்விப் பணிப்பாளர், அதிலும் புவியியல். அவருடைய ஒரே மகன் சத்தியேந்திரன், அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் எல்டர்ஃபோர்ட் என்ற ஊரில் டொக்டராக இருந்தான்.

"சனத்தொகை ஆயிரத்து இருநூற்று ஆறு" என்று அவர், தான் தங்கியிருந்த லொட்ஜின் சொந்தக்காரி நேசமலருக்கு அறிவித்தார்.

"அவ்வளவுதானோ ஐயா? எங்கட ஒழுங்கைக்குள்ளேயே அதைவிடக் கூடச் சனம் கிடக்கு."

"அது பழைய கணக்கு. மகன், மருமகள், பேத்தியோட ஆயிரத்து இருநூற்று ஒன்பது."

அந்தப் பேத்திக்கு இரண்டு வயது. அவர் அவளைப் படத்தில் மட்டுமே கண்டிருந்தார். ஆறு மாதம் போய் அவளோடு இருந்துவிட்டு வருவதற்கு விசா கேட்டிருந்தார். நேர்முகத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

வேறு யாராவது என்றால் அந்த இரண்டு மாதமும் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருப்பார்கள். சிவபாதசுந்தரம் எல்டர்ஃபோர்ட் பொது நூலகத்துக்குக் கடிதம் எழுதினார். நூலகர் அம்மையார், எங்கள் ஊரைப் பற்றி ஒரு மனிதர் கேட்கிறாரே என்ற அதிர்ச்சியிலோ என்னவோ, ஊரின் நூற்றாண்டு மலரை அனுப்பிவைத்தார். அதை அவர் பாடத்திட்டம்போலப் படித்தார். 1881இல் ரயில் வந்தது. 1913இல் சூறாவளி வந்து ஒரு தேவாலயத்தைத் தூக்கிப் பக்கத்துச் சோளக்காட்டில் வைத்தது. முதலில் ஜெர்மானியர் குடியேறினர், பிறகு செக்கியர். இரு பகுதியாருக்கும் அறுபது வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இந்தக் கடைசித் தகவல் அவருக்கு ஊரை மிகவும் நெருக்கமாக்கியது.

மற்றவர்கள் சாமிப்படம் மாட்டும் சுவரில், தானே வரைந்த ஊர்ப்படத்தை மாட்டினார். 'எல்டர்ஃபோர்ட்: நிலமும் வரலாறும் மக்களும்' என்று ஒரு மண்டபத்தில் சொற்பொழிவும் ஆற்றினார். பதினொரு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் நாலு பேர் அடுத்த கூட்டத்துக்கு முன்கூட்டியே வந்தவர்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, ஷிப்லியின் கொமியூனிகேஷன் என்ற தொலைபேசிக் கடைக்கு மகனுடைய அழைப்பு வரும்.

"எல்க் ஆத்தில இந்தமுறை தண்ணி எப்பிடி?"

"எந்த ஆறு அப்பா?"

"உன்ர ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஓடுற ஆறு."

"பின்னால கார் பார்க் எல்லோ."

"கார் பார்க்குக்குப் பின்னால போய்ப் பார்."

மகன் போய்ப் பார்க்கவில்லை என்பது அடுத்த மாதம் தெரிந்தது.

நேர்முகத்துக்கு முதல்நாள் நேசமலர் புத்திமதி சொன்னாள்.

"ஐயா, திரும்பி வருவன் எண்டது ஒண்டைத்தான் அவைக்குக் காட்டவேணும். காணி உறுதி, பாங் புத்தகம் எல்லாம் கொண்டு போங்கோ. வேறொண்டும் கதைக்காதேங்கோ."

"பிள்ளை, முப்பது வருசம் நேர்முகத்தில கேள்வி கேட்டவன் நான். ஆயத்தப்படுத்தாமல் வாறவனைத்தான் வெட்டுறது."

அமெரிக்கத் தூதரகத்தில் யன்னலுக்கு அப்பால் இருந்த விசா அதிகாரி இளம்பெண். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டாள். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வேண்டாம் என்றார்.

"எங்கே போகிறீர்கள்?"

அவர் அட்சரேகையிலிருந்து தொடங்கினார். அந்த ஊரைத் தனக்குத் தெரியாது என்று அவள் சிரித்தபடி சொன்னாள். பாடம் தெரியாத மாணவி கிடைத்ததில் அவருக்கு உற்சாகம் பிறந்தது. ரயிலைச் சொன்னார், சூறாவளியைச் சொன்னார். பின்னேரத்தில் எந்தத் தெருவில் நிழல் விழும், நடந்து களைத்தால் எந்த வாங்கில் உட்காரலாம் என்று சொன்னார். கிழக்கு மேட்டில் மயானம் இருப்பதையும், அதில் இன்னும் நாற்பது வருடத்துக்கு இடம் தாராளமாக உண்டு என்பதையும் திருப்தியோடு சொன்னார்.

அவளுடைய பேனா நின்றது.

"கொழும்பில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

"மனைவி காலமாகிவிட்டாள்."

"சொந்த வீடு?"

"யாழ்ப்பாணத்தில். இப்போது அதில் இராணுவம் இருக்கிறது."

"நீங்கள் தங்கியிருக்கும் இடத்தில், பக்கத்து அறையில் யார்?"

எல்டர்ஃபோர்ட்டின் முதல் நகரபிதாவுடைய தகப்பன் குதிரைலாடம் அடித்தவர் என்பது அவருக்குத் தெரியும். அவர் யோசித்தார்.

"ஒருவர் இருக்கிறார்" என்றார். "இருமுவார்."

நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை என்று அவள் மரியாதையாகச் சொல்லி, கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தாள். அந்தப் பரீட்சையில் அவர் எழுதிய விடை ஒன்றுகூடப் பிழையில்லை.

அன்று பின்னேரம் ஷிப்லியின் கடையிலிருந்து தானே மகனை அழைத்தார்.

"பரவாயில்லை அப்பா, பிறகு இன்னொருக்காப் போடுவம்" என்றான் சத்தியேந்திரன். குரலில் கவலை இருந்தது. கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. "நாங்களும் இஞ்ச கனகாலம் இல்லை. மூண்டு வருச ஒப்பந்தம் முடிய ஹூஸ்டனுக்குப் போயிடுவம்."

"ஏன், எல்டர்ஃபோர்ட்டுக்கு என்ன?"

"இஞ்ச ஒண்டுமில்லையப்பா. இது ஒரு ஊரே?"

அவர் றிசீவரை வைத்தார்.

"எப்ப சேர் பயணம்?" என்று ஷிப்லி கேட்டான்.

"பாப்பம்" என்றார்.

லொட்ஜுக்கு வந்து மாடியேறியவர், தன் அறையைத் திறக்காமல் பக்கத்துக் கதவின் முன்னால் நின்றார். என்ன சொல்வது என்று ஆயத்தப்படுத்தியிருக்கவில்லை. இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது. லொட்ஜ்களில் தமிழர் அறைக்கதவை அந்த நாட்களில் முன்னறிவிப்பில்லாமல் தட்டுகிறவர் பொலிஸ்காரர் ஒருவர்தான். கதவு ஒரு சாண் திறந்து, ஒரு கை வெளியே வந்தது. அதில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருந்தன. பதிந்திருக்கிறேன் ஐயா என்று சிங்களத்தில் சொன்னது ஒரு குரல்.

நான் பக்கத்து அறை என்று சொன்னால் போதும். ஆனால் ஒருவர் கடதாசியை நீட்டினால் வாங்கிப் பார்ப்பது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். கண்ணாடியைப் போட்டார். வேலுப்பிள்ளை நாகேந்திரம். வயது ஐம்பத்தெட்டு. வேலணை. கொழும்பில் தங்கும் காரணம்: களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்தியம்.

முழுவதையும் வாசித்தார். இனி ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"இது வாற செவ்வாயோட முடியுது" என்றார். "புதுப்பிக்க வேணும்."

"ஓம் சேர். நாளைக்கே போறன் சேர்."

கை துண்டுகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. கதவு சாத்தப்பட்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு கீழ்த் தாழ்ப்பாள்.