மணிக்கூண்டின் உள்கதவு

லென் பஃப்டன் ஒன்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் கோயில் மணியடித்தார். அந்த ஒன்பது வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஆராதனைக்கு உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் ஹெரஃபோர்டு பக்கத்து ஊர்களில் மணிக்காரர்கள் பாதிப்பேர் இப்படித்தான். ஆறு பேர் ஆறு கயிற்றைப் பிடித்து ஊரையே எழுப்பிவிட்டு, ஆராதனை தொடங்கும்போது கூண்டிலிருந்து படியிறங்கி, வெளிக்கதவு வழியாக நேரே எதிரிலிருக்கும் பப்புக்குப் போய்விடுவார்கள். "நாம கூப்பிடுற ஆளுங்கப்பா, போற ஆளுங்க இல்ல" என்பான் மெர்வின். அவன்தான் மணிக்குழுவுக்குத் தலைவன். வாரநாட்களில் தபால்காரன்.

ஆனால் லென் விஷயம் வேறு. உள்ளே பீடத்தில் நிற்கிற ஆயர் அவருடைய பெண்டாட்டி.

ஹிலரி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ஐம்பது வயதில் எனக்குக் கடவுளிடமிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்றாள், படித்தாள், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு ஆயரானாள். அதற்குள் கோயிலுக்கு ஆண்கள் வருவது கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. பெஞ்சு பெஞ்சாகக் காலி. மிச்சமிருந்த இருபது சொச்சம் பேரில் முக்கால்வாசி கிழவிகள். நாலு ஊருக்கு ஒரே ஆயர், அதுவும் இவள். லென் தடுக்கவில்லை. தடுக்காமல் இருந்ததையே பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டார். ஆம்பிளைப் புத்தி வேறெப்படி இருக்கும்? ஆனால் திருவிருந்தில் பெண்டாட்டி முன்னால் மண்டியிட்டு அவள் கையால் அப்பம் வாங்குவது என்பது மட்டும் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவர் வேலை பார்க்கிற டிராக்டர் பட்டறையில் வேறு சும்மா விடுவார்களா? "ஏன் லென், வீட்லயும் அவங்கதான் பிரசங்கமா? நீ ஆமென் சொல்லிட்டுத்தான் படுப்பியா?" லென் சிரித்துவிட்டு என்ஜினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

போன வருஷம் மார்ச் மாதக் குளிரில் அவர்கள் மகன் ஓவன் மோட்டார் சைக்கிளில் போய் மரத்தில் மோதிச் செத்தான். இருபத்து நாலு வயது. அடக்க ஆராதனையை ஹிலரியேதான் நடத்தினாள். வேறு ஆயரைக் கூப்பிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், கேட்கவில்லை. லென் மேலே மணிக்கூண்டுக்குப் போய்விட்டார். மணி நாக்கின் ஒரு பக்கம் தோலைக் கட்டிவிட்டால் ஓர் அடி பலமாக விழும், அடுத்த அடி எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் விழும். சாவுக்கு அப்படித்தான் அடிப்பது. பெரிய மணியின் கயிற்றை லென் பிடித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் விடவில்லை. கீழே மகனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனபோதும் அவர் இறங்கவில்லை.

"எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம், பாரு" என்று ஊர் பேசிக்கொண்டது. நெஞ்சுரமாவது மண்ணாவது! மனுஷன் பயந்துபோய் மேலே ஒளிந்திருந்தார். அது அவருக்கும் தெரியும், ஹிலரிக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை இல்லை, சச்சரவு இல்லை. தேநீர் போட்டார்கள், குடித்தார்கள். டிவி பார்த்தார்கள். என்ன பார்த்தோம் என்று கேட்டால் ரெண்டு பேருக்கும் தெரியாது. லென்னுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பட்டறையில் ஒருநாள் கையைக் கிழித்துக்கொண்டு, ரத்தம் சொட்டுவதை வேறு யாரோ பார்த்துச் சொன்னபிறகுதான் தெரிந்தது.

ஹிலரி வடக்கே ஹல் நகரத்தில் ஒரு கோயிலுக்கு மாற்றல் கேட்டாள். கிடைத்தது. திங்கட்கிழமை லாரி வருவதாக ஏற்பாடு. அவளுடைய பெட்டிகள் கூடத்தில் வரிசையாக நின்றன. லென் போகிறாரா இல்லையா என்று அவள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

ஞாயிறு காலை, டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஹிலரி ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு இங்க எனக்குக் கடைசி ஆராதனை, லென்."

"தெரியும்."

"மணியடிச்சிட்டு உள்ள வா. வந்தீன்னா நாளைக்கு உன் பெட்டியும் லாரில ஏறும்னு எடுத்துக்கிறேன்."

"வரலைன்னா?"

"வரலைன்னா வரல. இன்னொரு தரம் கேக்க மாட்டேன்."

"பாக்கலாம்" என்றார் லென். முப்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் அவருடைய பதில் இதுதான்.

அன்றைக்கு மணி நன்றாகவே அடித்தார்கள். முடிந்ததும் கயிறுகளைக் கட்டிவிட்டுப் படியிறங்கினார்கள். கூண்டுக்குக் கீழே ரெண்டு கதவு. ஒன்று வெளியே கல்லறைத் தோட்டத்துக்கு, மற்றது உள்ளே கோயிலுக்கு. உள்கதவுக்குப் பின்னால் முதல் பாட்டு தொடங்கியிருந்தது.

"வா லென், இன்னிக்கு என் செலவு" என்றான் மெர்வின்.

"நீ போ."

"என்னது?"

"போன்னு சொன்னேன்ல. உள்ள போறேன்."

மெர்வின் வாயைத் திறந்தான். ஏதோ கிண்டல் வரப்போகிறது என்று லென் காத்திருந்தார். வரவில்லை. "தொப்பியக் கழட்டிட்டுப் போப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் போனான்.

லென் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஹிலரி பார்த்தாளா இல்லையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிரசங்கம் செய்தாள். அவளுடைய அந்தக் குரலை லென் கேட்டதே இல்லை. வீட்டில் பேசுகிற குரல்தான், ஆனால் அவசரமில்லாமல் இருந்தது. இவ்வளவு வருஷமும் இதைக் கேட்காமல் பப்பில் உட்கார்ந்து கால்பந்து பேசிக்கொண்டிருந்தோமே, சீ என்று இருந்தது.

திருவிருந்துக்குக் கூப்பிட்டார்கள். லென் எழுந்தார், கிழவிகளுக்குப் பின்னால் நடந்தார், பீடத்துக்கு முன்னால் கம்பி ஓரமாக மண்டியிட்டார். என்ன செய்ய வேண்டும் என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்திருந்தார்கள். வலக்கையை இடக்கை மேல் வைத்து ஏந்த வேண்டும். அப்பம் வேண்டாதவர்கள் மார்பில் கையைக் கட்டிக்கொள்வார்கள், அவர்களுக்கு ஆசீர்வாதம் மட்டும். இது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

ஹிலரி ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அவளுடைய செருப்பு அவர் முன்னால் வந்து நின்றது. லென் கையை நீட்டத்தான் நினைத்தார். ஆனால் கைகள் தாமாகவே மார்பில் கட்டிக்கொண்டன. மருத்துவமனையில் டாக்டர் வந்து ஓவன் விஷயத்தைச் சொன்னபோது அப்படித்தான் நின்றிருந்தார். ஒன்றும் புரியாத இடத்தில் அவர் அப்படித்தான் நிற்பார், அவர் அப்பனும் அப்படித்தான்.

ஹிலரி ஒரு கணம் தாமதித்தாள். அப்புறம் தட்டை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை அவர் தலையில் வைத்தாள். வாய்க்குள் எதையோ சொன்னாள். ஒரு வருஷமாக அந்தக் கை அவர்மேல் பட்டதில்லை. இல்ல ஹிலரி, தப்பாயிடுச்சு, அப்பம்தான் வேணும் என்று சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. கை எடுபட்டது, செருப்பு நகர்ந்தது. பின்னால் திராட்சரசக் கிண்ணத்தோடு வந்த அம்மாளும் அவரைத் தாண்டிப் போனாள். லென் எழுந்து பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார். போச்சு, கடைசியில் இதையும் கெடுத்தாயிற்று என்று தோன்றியது. அதுகூட யாருக்கோ நடந்தது மாதிரிதான் இருந்தது.

ஆராதனை முடிந்து ஹிலரி வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாள். லென்னும் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது.

"வந்ததுக்கு நன்றி" என்றாள், எல்லோருக்கும் சொல்கிற மாதிரி.

"கையக் கட்டணும்னு கட்டல ஹிலரி. அப்பம் வாங்கத்தான் வந்தேன். அதுவா கட்டிக்கிச்சு."

அவள் அவரைப் பார்த்தாள்.

"மிச்சம் இருக்கா?" என்றார். சின்னப் பையன் மாதிரி இருந்தது கேட்டது.

"இல்ல. மிச்சம் வைக்கக் கூடாது லென். முடிஞ்சதும் ஆயர்தான் தின்னு தீக்கணும்."

"ஓ."

"முதல் பாட்டு பாடும்போது தலையை எண்ணி, அதுக்கேத்த மாதிரி எடுத்து வைப்பேன். எப்பவும் ஒண்ணு கூட வைப்பேன். உனக்குன்னு." அவள் குரல் அந்த அவசரமில்லாத குரலாகவே இருந்தது. "நீ வர மாட்ட. கடைசில அதை நான் தின்னுடுவேன். ஒன்பது வருஷம். ஓவனை அடக்கம் பண்ணின அன்னிக்கும்."

"இன்னிக்குமா?"

"இன்னிக்கும்."

லென்னுக்கு நெஞ்சுக்குள் எதுவோ அறுந்து விழுந்தது. வலித்தது. ஒரு வருஷம் கழித்து வலித்தது, நன்றாகவே வலித்தது. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பின்னால் வரிசை நின்றது. முதல் ஆளாக நின்ற மிஸஸ் க்வில்லியம் தொண்டையைக் கனைத்தாள்.

"ஹல்லுலயும்" என்றார் லென். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டார். "ஹல்லுலயும் ஒண்ணு கூட எடுத்து வை. வாங்கிக்கிறேன்."

ஹிலரி கையை விடவில்லை.

"கொஞ்சம் பொறுங்க, மிஸஸ் க்வில்லியம்" என்றாள் திரும்பாமலே. "இவரு என் வீட்டுக்காரரு."

நாற்பது வருஷமாக லென்னைத் தெரிந்த அந்தம்மாள், "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை அணைத்துக்கொண்டு காத்திருந்தாள்.