கிழிக்காத டிக்கெட்

விடிந்தும் விடியாமலும் கிளம்பும் முதல் பேருந்தில் முன்வரிசைகள் நோயாளிகளுக்கு என்பது எழுதாத சட்டம். சிறுநீரகம் கெட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் செய்யப் போகிறவர்கள் அவர்கள். தையல்காரி ஒருத்தி நோயாளியான தன் கணவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, வீங்கிய கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். கண்டக்டர் அவளுடைய சொந்தத் தம்பி.

"என்ன மாமா, பொண்ணு பாக்கப் போற மாதிரி சட்டைய தேய்ச்சுப் போட்டிருக்கீங்க?"

"உங்கக்கா காதுல விழப்போவுது மச்சான். மெதுவாப் பேசு."

அந்த வரிசைகளில் மட்டும் தம்பியின் கை டிக்கெட் கட்டைத் தொடாது. வாரம் மூன்று தடவை போய்வந்தே ஓட்டாண்டியானவர்களிடம் என்னத்தை வாங்குவது என்பான். ஊரே அவனைப் புண்ணியவான் என்றது. டிக்கெட் பரிசோதகரும் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

அப்போதுதான் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தது. நாடு கழுத்துவரை கடனில் இருக்கிறது, நஷ்டத்தில் ஓடும் பேருந்துகளை நிறுத்தி அந்தப் பணத்தை மக்கள் நலனுக்குச் செலவழிப்போம் என்று வானொலியில் சொன்னார்கள். அவள் கணவருக்கு அது நியாயமாகவே பட்டது. கசப்பு மருந்தென்றாலும் குடித்துத்தானே ஆகவேண்டும் என்றார். மருந்தைப் பற்றிச் சொல்ல அவரைவிட யாருக்குத் தகுதி?

அடுத்த மாதமே அந்த முதல் பேருந்து நின்றுபோனது.

வாடகைக் காரில் கொஞ்ச நாள் போனார்கள். பிறகு வாரத்துக்கு மூன்று முறை இரண்டானது. தையல் இயந்திரத்தை விற்றும் அந்த இரண்டைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. கால் வீக்கம் முகத்துக்கு ஏறியதும், தம்பியை அழைத்துக்கொண்டு போக்குவரத்து அலுவலகப் படியேறினாள்.

அதிகாரி கெட்டவரல்லர். உட்காரச் சொல்லி, கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். முதல் பேருந்து மாதக்கணக்கில் பாதி காலியாக ஓடியிருக்கிறது என்றார்.

"காலியா? பாதி பஸ்ஸுக்கு நாங்களே இருப்போமே சார்."

"டிக்கெட் வாங்கினாத்தாம்மா எங்களுக்கு ஆளு."

உண்மையைச் சொன்னால் தம்பியின் வேலைக்கு உலை. சொல்லாவிட்டால் வீட்டில் படுத்திருப்பவருக்கு உலை. தம்பிதான் முந்திக்கொண்டான்.

"நான்தான் சார் கிழிக்கல. பாவமேன்னு விட்டுட்டேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். நோயாளிகளுக்கு இலவச டிக்கெட் கொடுக்க விதியே இருக்கிறது, யாரும் கேட்டதில்லை என்றார். அதற்கு எத்தனை கையெழுத்துக்கு அலையவேண்டும், நாலு எட்டு நடக்க முடியாதவர்களை எப்படி அலையவிடுவது என்று தம்பி கேட்டான். பயணிகளை மறுபடி எண்ணிக் காட்டினால் மேலே எழுதிப் பார்க்கலாம் என்று மட்டும் அதிகாரி சொன்னார்.

"ஓடாத பஸ்ல யார சார் எண்ணிக் காட்டறது?" என்றாள் அவள்.

தம்பியை வேலையிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். நோயாளிகளின் வீட்டார் எல்லோரும் கையெழுத்திட்டு, பேருந்தை மறுபடி விடச்சொல்லி மனு கொடுத்தார்கள். சோதனை ஓட்டமாகப் பேருந்து திரும்பி வந்தபோது, அவள் கணவர் போய்ச் சேர்ந்திருந்தார்.

இறப்புச் சான்றிதழ் வாங்க அவள் அதே பேருந்தில் தனியாக ஏறினாள். முன்வரிசையில் அவளுக்குத் தெரிந்த முகங்களே இருந்தன. சில முகங்கள் இல்லை. புதுக் கண்டக்டர் அவளை அடையாளம் கண்டு, அவர்கள் யாருக்கும் டிக்கெட் வேண்டாம் என்பதுபோல் கையசைத்துக் கடக்கப் பார்த்தான். அவள் அவன் பையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்குக் காசுக்கே கிழி. இவங்களுக்கு இலவச டிக்கெட்டக் கிழிச்சுக் குடு. கையெழுத்துக்கு இவங்க அலைய வேணாம், நான் அலையறேன்."

"எதுக்கும்மா வீண் அலைச்சல்? நான்தான் விட்டுடறேனே."

"எந்தம்பியும் இப்படித்தாம்பா விட்டான்." அவள் குரல் உயரவில்லை. "நாட்டத் திருத்தறேன்னு வந்தவங்க பஸ்ல ஏறிப் பாக்கல, கணக்கத்தான் பாத்தாங்க. அதுல நாங்க யாருமே இல்ல. பாவம் பாத்துக் குடுக்கறத யாரு வேணும்னாலும் சத்தமில்லாம நிறுத்திடலாம். உரிமைன்னு கேட்டு வாங்கினத நிறுத்தணும்னா, அவன் நம்ம மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லியாகணும்."