சிவப்புப் பூட்டின் சாவி

வீல் என்று ஓர் அலறல். லிஃப்ட் மெக்கானிக் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். இருட்டில் கதவு நிலையில் முட்டிக்கொண்டு மகளின் அறைக்கு ஓடினார். இந்த வாரத்தில் இது நாலாவது ராத்திரி.

ஆறு வயதுச் சிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு விழித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் செய்யாத வைத்தியம் இல்லை. கிறீச்சிட்ட அலமாரிக் கீலுக்கு எண்ணெய் விட்டார். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். கனவு எதற்கும் மசியவில்லை. கடைசியாக இன்று மாலை, பழுது பார்க்கும்போது லிஃப்டின் மெயின் சுவிட்சில் மாட்டுகிற சிவப்புப் பூட்டையும் எச்சரிக்கை அட்டையையும் கொண்டுவந்து அலமாரியில் மாட்டி, "இனி ஒரு பய வெளிய வர முடியாது" என்று சவால் விட்டிருந்தார்.

பின்னாலேயே வந்த மனைவி விளக்கைப் போட்டாள். அட்டையைப் படித்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"'உள்ளே ஆள் இருக்கிறார்'னு போட்டிருக்கு! இப்பதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை. இத மாட்டிட்டுத் தூங்குன்னா எப்படிங்க தூங்கும்?"

மெக்கானிக் அசடு வழிந்தார். இரண்டையும் கழற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. சத்தம் எந்த மாடியில் வருகிறது என்று கேட்காமல் அவர் எந்தக் கட்டடத்திலும் ஸ்பேனரைத் தொட்டதில்லை. வீட்டில் மட்டும் நாலு நாளாக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கனவுல என்னதான் கண்ணு வருது? பேயா?"

"பேய் இல்லப்பா. நீதான்."

"நானா? அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

சிட்டு சிரிக்கவில்லை. "அன்னைக்கு உன் வேலைக்குக் கூட்டிட்டுப் போனியே, அந்தக் குழிக்குள்ள நிக்கிற. மேலேருந்து லிஃப்ட் இறங்குது. கூப்பிடுறேன், கூப்பிடுறேன், உனக்குக் கேக்கவே இல்ல."

மெக்கானிக் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பூட்டை அவள் மடியில் வைத்தார். "இது தொங்குற வரைக்கும் லிஃப்ட் ஓடாது. சாவி ஒண்ணே ஒண்ணு, அதுவும் என் பையில. நான் மேல ஏறி வந்து திறந்தாத்தான் ஓடும்."

"நீ பூட்ட மறந்துட்டா?"

"உங்கம்மா வாங்கிட்டு வரச் சொன்னத மறப்பேன். சாப்பிட மறப்பேன். இது மட்டும் மறக்காது. சரி, இப்படிச் செய்வோம். சாயங்காலம் வந்ததும் சாவிய உன்கிட்ட தந்துடறேன். சாவி வந்துச்சுன்னா அப்பா ஏறி வந்தாச்சுன்னு அர்த்தம். காலையில நீதான் எடுத்துக் கொடுக்கணும்."

சிட்டு அவரிடம் சாவியை வாங்கி மூன்று முறை பூட்டித் திறந்து பார்த்தாள். பிறகு சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பத்து எண்ணுவதற்குள் தூங்கிப்போனாள்.

தங்கள் அறைக்குத் திரும்பியதும் மெக்கானிக் காலை நீட்டிப் படுத்தார். "பாத்தியா, ஒரே சாவில வேலை முடிஞ்சுது!"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த மனைவி அவர் பக்கம் புரண்டாள்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தச் சாவிய என் தலையணைக்கு அடியிலயும் வைக்கச் சொல்லுங்க. நான் கத்துறதில்ல, அவ்வளவுதான்."