நாலு வாரம்

டாக்டர் அன்று சொன்னது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. "நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகலாம்" என்றார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. என் புருஷன் திருமுருகன் அப்போது வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நான் போய் நாலு என்று மட்டும் சொன்னேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அவர் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். இடது கண்ணின் கீழ் இமையில் மிளகு அளவு கறுப்புக் கட்டி. கண்கட்டி என்று ஒரு வருஷம் விட்டுவைத்தார். ரத்தம் கசிந்த பிறகு காட்டினால், தோல் புற்றுநோய் என்றார்கள். மே பாதியில் கீழ் இமையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு, மேல் இமையின் உட்புறத்தை இறக்கி அந்த இடத்தில் தைத்தார்கள். ஒட்டு பிடிக்கும்வரை கண் மூடியே இருக்கும். பிறகு பிரித்துவிடுவார்கள்.

"மேல் வலைய அறுத்து கீழ் வலைக்கு ஒட்டுப் போட்டுட்டானுங்க" என்று ஆரம்பத்தில் சிரித்தார்.

மீன்பிடித் தடை ஜூன் பாதியில் முடியும். அதற்குள் கண் திறந்துவிடும் என்று நம்பித்தான் கத்திக்கு ஒத்துக்கொண்டார். ஜூன் பதினொன்றாம் தேதி போனோம். இப்போது பிரித்தால் ஒட்டு செத்துவிடும், இன்னும் இரண்டு வாரம் போகட்டும் என்றார் டாக்டர். பஸ்ஸில் டோல்கேட் தாண்டியதும் திருமுருகன் என் பக்கம் திரும்பினார்.

"நாலுன்னுதானேமே சொன்ன?"

"அவரு அப்படித்தான் சொன்னாரு."

மறுநாள் படகு முதலாளி மனோகரன் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"இன்னா நைனா, ஒத்தக் கண்ண வெச்சிகினு ஹார்பர் வாய எப்டித் தாண்டுவ? குறுக்க கப்பல் வந்தா? போட்டுல எட்டுப் பேரு கீறானுங்க."

"பதினஞ்சு வருசமா ஓட்டறேன். கண்ண மூடிகினே ஓட்டுவேன்."

"அதான் ஒண்ணு மூடி கீதே! மொத நடை வேற டிரைவர், விமல், ஓட்டட்டும். அப்பால பாக்கலாம்."

அவர் போன பிறகு திருமுருகன் கண்ணாடி முன்னால் நின்று, தைத்த இடத்தில் விரலை வைத்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உதறினார்.

"ஆறுன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே அவராண்ட பேசி வெச்சிருப்பேன். ரெண்டு வாரத்துக்கு ஒருத்தன நானே ஏத்தி வுட்டிருப்பேன். இப்ப அவரா ஒருத்தன புடிச்சிட்டாரு."

"ஆறுன்னு சொல்லியிருந்தா நீ ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பியாய்யா?"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. அவருடைய திறந்த கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வந்து, குடம் நிரம்பி வழிந்தது. 

ஜூன் கடைசியில் கண்ணைப் பிரித்தார்கள். பார்வை நன்றாக இருக்கிறது. புது இமையில் மயிர் கிடையாது. கட்டி திரும்ப வரவில்லை. முதல் நடையில் விமலுக்கு நல்ல மீன்பாடு. மனோகரன் அவனையே வைத்துக்கொண்டார். திருமுருகன் எண்ணூரில் வேறொருவரின் சின்ன ஃபைபர் போட்டில் வலை இழுக்கப் போகிறார். நான் மீன் விற்கிறேன். அந்த நாலு வாரத்தைப் பற்றி அவர் பிறகு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.